பயம், படபடப்பு, பதற்றநோய்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் உளவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், தேவகோட்டை என்று எங்கிருந்து வந்தாலும் சந்தேகங்கள் என்னவோ திரும்பத் திரும்ப இவையேதான். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணங்களில் வருகிறவர்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

பயம் எல்லாருக்கும்தான் இருக்கு. எது நோய், எது சும்மா பயம்?

சிராவயல் மஞ்சுவிரட்டில் காளை திரும்பினால் யாராக இருந்தாலும் ஒதுங்கத்தான் செய்வார்கள். அந்தப் பயம் உயிரைக் காக்கிற பயம். அது இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆபத்தின் அளவுக்குப் பொருந்தாமல் பயம் பெரிதாக இருக்கிறதா, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா, அதனால் வாழ்க்கை சுருங்குகிறதா என்று பார்ப்போம். நான் அதிகம் கேட்பது கடைசிக் கேள்வியைத்தான். கூட்டம் பிடிக்காததால் சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டிக்குப் போகாமல் இருப்பது நோய் இல்லை. கூட்டத்துக்குப் பயந்து கூடப்பிறந்த தங்கை கல்யாணத்துக்கே போகவில்லை, கிடைத்த வேலையை விட்டுவிட்டார் என்றால் அங்கே உதவி தேவை.

ஃபோபியா, பதற்றநோய், பேனிக் அட்டாக் எல்லாம் ஒண்ணுதானா?

ஒரே குடும்பம், ஆனால் தனித்தனி ஆட்கள். நாய், உயரம், இடி, ஊசி என்று குறிப்பிட்ட ஒன்றின் மேல் மட்டும் வரும் அளவு மீறிய பயம்தான் ஃபோபியா. நாலு பேர் பார்க்கிறார்கள், ஏதாவது நினைப்பார்கள் என்ற பயத்தில் சாப்பிடவோ பேசவோ முடியாமல் போவது சமூகப் பதற்றம். இது பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது. கூச்ச சுபாவம் என்று சொல்லி வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பணம், பிள்ளைகள், உடம்பு என்று ஒன்று மாற்றி ஒன்றாக மாதக்கணக்கில் கவலை ஓடி, தூக்கம் கெட்டு, கழுத்தும் தோளும் இறுகிப் போவது பொதுப் பதற்றநோய்.

பேனிக் அட்டாக் என்பது திடீரென்று அடிக்கும் அலை. ஒரு தடவை வந்துவிட்டால் அதுவே நோய் ஆகிவிடாது. அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்திலேயே நாள் கழிந்தால்தான் பேனிக் நோய் என்கிறோம். பஸ், கடைத்தெரு, கூட்டம் என்று தப்பிக்க வழியில்லாத இடங்களை எல்லாம் ஒதுக்க ஆரம்பித்தால் அதற்கு அகோரஃபோபியா என்று பெயர்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகம் முழுக்க சுமார் 30 கோடிப் பேர் பதற்றநோய்களோடு இருந்தார்கள். எனக்கு மட்டும்தான் இப்படி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

நெஞ்சு படபடங்குது, மூச்சு முட்டுது, செத்துருவேன்னு தோணுது. ஈ.சி.ஜி. எடுத்தா நார்மல்ங்குறாங்க. அப்ப எனக்கு என்னதான்?

ஓர் அம்மா. திருச்சிக்குப் பஸ்ஸில் போகும்போது திருமயம் தாண்டியதும் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. உள்ளங்கை வியர்த்தது, விரல் நுனி மரத்தது, கண் இருட்டியது. நடுவழியில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த முறை திருமயம் நெருங்கும்போதே "வந்துருமோ" என்று நினைத்தார், வந்தது. அப்புறம் பஸ்ஸையே விட்டுவிட்டார்.

உடம்பில் நடந்தது இதுதான். ஆபத்து என்று மூளை தப்பாக மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. ஓடுவதற்குத் தயாராக இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஓடாமல் உட்கார்ந்தபடி வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலைசுற்றலும் விரல் மரத்துப்போவதும் அதனால்தான். அதை உணர்ந்ததும் "ஏதோ ஆகப்போகுது" என்று பயம் கூடுகிறது, பயம் கூடினால் படபடப்பு இன்னும் ஏறுகிறது. இங்கிலாந்து உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் இந்தச் சுழலைத் தெளிவாக விளக்கினார். இன்றைய பேனிக் சிகிச்சையின் அடிப்படை அதுதான்.

அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாக இறங்கும். ஈ.சி.ஜி. நார்மல் என்றால் நீங்கள் நடிக்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. அவ்வளவும் நிஜமாகவே உடம்பில் நடந்தது. இதயத்தில் கோளாறு இல்லை, அவ்வளவுதான்.

மாரடைப்பா, பேனிக்கா? வீட்டுலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வீட்டில் கண்டுபிடிக்க முயலாதீர்கள். முதல் தடவை என்றாலோ, நாற்பது தாண்டியவர் என்றாலோ, சுகர், பி.பி., புகைப்பழக்கம் இருந்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். "கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் இதே படபடப்பு வரும். ஒருமுறை இவற்றையெல்லாம் பார்த்துவிட வேண்டும். பார்த்து ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் மாதம் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பது வேண்டாம். ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் இரண்டு நாள் நிம்மதி தரும், மூன்றாம் நாள் சந்தேகம் திரும்பி வரும்.

எதனால வருது? சின்ன வயசுல பயந்ததாலயா?

சிலருக்கு அப்படி. நாய் கடித்தது, கிணற்றில் தவறி விழுந்தது என்று நினைவு இருக்கும். பலருக்கு எதுவுமே நினைவில் இருக்காது. பரம்பரையாக வரும் வாகு, பெரியவர்கள் பயப்படுவதைப் பார்த்துக் கற்றது, தொடர்ந்த மனஅழுத்தம் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் குணமாகும் என்பதில்லை. பயம் எப்படி ஆரம்பித்தது என்பதைவிட, எதனால் போகாமல் இருக்கிறது என்பதுதான் சிகிச்சைக்கு முக்கியம்.

பயந்த கோளாறுன்னு சொல்றாங்க. மந்திரிச்சு விபூதி போட்டா போதாதா?

கொப்புடையம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தால் மனம் லேசாகிறது என்றால் தாராளமாகப் போங்கள். யார் நம்பிக்கையையும் நான் தடுக்க மாட்டேன். போட்டுக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தச் சொல்வது, அடிப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது ஆகியவற்றுக்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு இது நினைவிருக்கும்.

இன்னொரு சங்கதி. தாயத்து கட்டிய பிறகு பஸ்ஸில் ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். தாயத்தை மறந்த அன்று ஏற முடியாது. இது ஏன் என்பது துணைக்குப் போவதைப் பற்றிய கேள்வியில் வரும்.

மாத்திரை இல்லாம குணமாகுமா? நீங்க என்னதான் செய்வீங்க, பேசிக்கிட்டே இருப்பீங்களா?

குறிப்பிட்ட ஒன்றின் மேலுள்ள ஃபோபியா பெரும்பாலும் மாத்திரை இல்லாமலே குணமாகும். அதற்கு வழி, பயப்படும் பொருளைப் படிப்படியாக நெருங்குவது. இது புதிதல்ல. 1924-லேயே அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்பவர், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்தபடி முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். 1958-இல் ஜோசப் வோல்ப் இதை முறையான சிகிச்சையாக எழுதினார்.

நம் ஊர் உதாரணம் சொல்கிறேன். தெருநாய்க்குப் பயந்து டியூஷனுக்குப் போகாத ஒரு கல்லூரிப் பெண். முதலில் அவளே ஒரு பட்டியல் எழுதினாள். நாய் படம் பார்ப்பது பயத்தில் பத்து மார்க், நாய் குரைக்கும் வீடியோ இருபத்தைந்து, மாடியில் நின்று தெருநாயைப் பார்ப்பது நாற்பது, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பது அறுபது, சங்கிலியில் கட்டிய பழக்கமான நாய்க்கு நாலடி தூரத்தில் நிற்பது எழுபத்தைந்து, அந்த நாயின் முதுகைத் தடவுவது நூறு. கீழ்ப்படியில் தொடங்கினோம். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, தானாக இறங்கும் வரை நிற்க வேண்டும், ஓடக்கூடாது. திண்ணைப் படியில் முதல் நாள் அவள் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் கையை எடுத்தாள். அந்தக் கையை எடுத்ததுதான் பெரிய படி. கடைசியில் தடுப்பூசி போட்ட வீட்டு நாயைத் தொட்டாள். தெருநாயைத் தடவ யாரையும் சொல்வதில்லை. அது பயம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, ரேபிஸ் சம்பந்தப்பட்டது.

இதோடு எண்ணங்களையும் சோதிப்போம். "எல்லா நாயும் கடிக்கும்" என்பது நிஜமா, இதுவரை எத்தனை நாயைக் கடந்திருக்கிறாய், எத்தனை கடித்தது என்று கேட்போம். இரண்டும் சேர்ந்ததுதான் சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பதற்றநோய் வகைகளுக்கு வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள் ஆகும்.

அப்படியே நாயைக் கொண்டாந்து முன்னாடி விட்டா ஒரே நாள்ல பயம் போயிராதா?

சம்மதமில்லாமல் செய்தால் பயம் கூடத்தான் செய்யும், உங்கள் மேல் நம்பிக்கையும் போய்விடும். பிள்ளைகளைத் தூக்கிக் கிணற்றில் போட்டு நீச்சல் கற்றுக்கொடுத்த பெருமையைச் சொல்லும் மாமாக்கள் உண்டு. அதே கிணற்றால் இன்றைக்கும் தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

ஒரே அமர்வில் முடிக்கும் முறையும் இருக்கிறது. ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்தது, மூன்று மணி நேரம் வரை நீளும். அதிலும் ஒவ்வொரு படிக்கும் நோயாளி சம்மதித்த பிறகுதான் நகர்வார்கள்.

ஊசியப் பாத்தாலே மயக்கம் வந்துருது. நான் ஓடலை, ஆனா விழுந்துர்றேனே?

நல்ல கேள்வி. மற்ற பயங்களில் பி.பி. ஏறும், அதனால் மயங்கி விழுவது அரிது. ரத்தம், ஊசி பயத்தில் மட்டும் பி.பி. முதலில் கொஞ்சம் ஏறிவிட்டு, சடாரென்று இறங்கும். அதனால்தான் விழுகிறீர்கள். இவர்களிடம் போய் "உடம்பைத் தளர்த்து, ஆழமாக மூச்சு விடு" என்று சொன்னால் பலன் இருக்காது.

இதற்கு உடம்பை இறுக்கும் பயிற்சி கொடுப்போம். உட்கார்ந்து கை, தொடை, வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும் வரை பத்துப் பதினைந்து விநாடி இறுக்குங்கள். அப்புறம் சாதாரண நிலைக்கு வந்து அரை நிமிடம் இருங்கள். இப்படி ஐந்து தடவை. ஒரு வாரம் வீட்டில் பழகிவிட்டு, பிறகு படிப்படியாக ஊசிக்குப் போகலாம். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள், நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பி.பி. அதிகமுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

அவளுக்குப் பயம்னுதான் எங்க போனாலும் நான் கூடவே போறேன். அது தப்பா?

அன்பில் செய்கிறீர்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் பயத்துக்குச் சோறு போடுவது இந்த அன்புதான். பஸ்ஸில் ஒன்றும் ஆகாமல் வீடு வந்தால் மூளை என்ன எழுதிக்கொள்கிறது? "பஸ் ஆபத்தில்லை" என்றல்ல, "அண்ணன் இருந்ததால் பிழைத்தேன்" என்று. தாயத்து, எப்போதும் கையில் இருக்கும் தண்ணீர் பாட்டில், பையில் கிடக்கும் மாத்திரை எல்லாமே இப்படித்தான். பயம் பொய் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை இவை பிடுங்கிக்கொள்கின்றன.

பிள்ளைகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்க, எட்டுக்கட்டு வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகளின் வீட்டில் இதை அதிகம் பார்க்கிறேன். இருட்டினால் பயம் என்று வேலைக்காரம்மா ராத்தங்க ஆரம்பிப்பார். பிறகு பகலிலும் இரண்டாம் கட்டுக்குப் போகத் துணை வேண்டும். ஆறு மாதத்தில் நடமாட்டம் வீட்டின் முன்பகுதியான பட்டாலையோடு நின்றுவிடும். நான் அந்த அம்மாவை உடனே அனுப்பிவிடச் சொல்ல மாட்டேன். முதல் வாரம் ஆச்சி இரண்டாம் கட்டுக்குத் தனியே போய் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், அந்த அம்மா முகப்பில் இருக்கலாம். அடுத்த வாரம் பக்கத்து வீட்டில். துணையைப் படிப்படியாகத் தூரமாக்குவதும் சிகிச்சைதான். நிஜமாகவே தடுமாறி விழும் அபாயம், கண் மங்கல், மறதி ஆகியவை இருந்தால் அது வேறு கணக்கு. அங்கே துணை அவசியம்.

வீட்டைப் பூட்டிட்டு பூட்டைப் பத்து தடவ இழுத்துப் பாக்குறாரு, பஸ் ஸ்டாண்டு போயிட்டுத் திரும்பி வர்றாரு. இதுவும் பதற்றமா?

இது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இதைப் பதற்றநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தார்கள். ஆனால் சிகிச்சையின் உயிர்நாடி அதேதான். ஒருமுறை பூட்டிவிட்டு, சந்தேகம் அரித்தாலும் திரும்பிப் பார்க்காமல் நடப்பது. "பூட்டிட்டேனா?" என்று கேட்டால் வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொரு தடவையும் "பூட்டிட்டீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதையும் மெல்லக் குறைக்க வேண்டும்.

மாத்திரை ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் போடணுமாமே?

இரண்டு வகை மாத்திரையைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை ஒரு வகை. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கூட ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டலும் கொஞ்சம் கூடுதல் படபடப்பும் வரலாம். "ஒத்துக்கலை" என்று நாலாம் நாளே நிறுத்துகிறவர்கள் அதிகம். நிறுத்தாமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். குணமான பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்து, அப்புறம் அளவைக் குறைத்து நிறுத்துவார்கள். இவற்றுக்கு அடிமையாவதில்லை, ஆனால் சடாரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும்.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை இன்னொரு வகை. அரை மணி, ஒரு மணி நேரத்தில் அமைதி தரும். அதனாலேயே சில வாரம் தொடர்ந்து போட்டால் பழக்கமாகிவிடும். பழைய சீட்டைக் காட்டியும், பக்கத்து வீட்டாரிடம் கடன் கேட்டும் வாங்கிப் போடுவது இதைத்தான். வயதானவர்கள் இரவில் எழுந்து விழுவதற்கும் இது ஒரு காரணம். குடியோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். ஏற்கெனவே பல மாதமாகப் போடுகிறவர் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

மகள் பிரசவத்துக்கு சிங்கப்பூர் போகணும். பிளேன்னா பயம். தூக்க மாத்திரை ஒண்ணு போட்டுக்கிட்டு ஏறிரலாமா?

ஒரே ஒரு பயணம் என்றால் டாக்டர் யோசித்துக் கொடுக்கலாம். ஆனால் திரும்பியும் வர வேண்டுமே. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், அல்பிரசோலம் போட்டுப் பறந்தவர்களுக்கு முதல் பயணத்தில் பயம் குறைந்தது, ஒரு வாரம் கழித்து மாத்திரை இல்லாமல் பறந்தபோது பேனிக் மிக அதிகமாக வந்தது. மேலே சொன்ன "துணை" கணக்குதான், இங்கே துணை மாத்திரை. இரண்டு மாதம் கையில் இருந்தால் வீடியோ, திருச்சி விமான நிலையம் வரை போய்வருவது என்று படிகளைத் தொடங்கலாம். மாத்திரைதான் என்றால் வீட்டில் ஒருநாள் டாக்டர் சொன்ன அளவில் போட்டுப் பார்த்த பிறகு போங்கள். சிங்கப்பூரில் இவ்வகை மருந்துகளுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. மருந்துச் சீட்டும், தேவையான முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோக வேண்டாம்.

பையன் திங்கக்கிழமையானா வயித்து வலிங்கறான். லீவு சொன்னா வலி போயிருது. நடிக்கிறானா?

பெரும்பாலும் நடிப்பில்லை, பதற்றம் குழந்தைகளுக்கு வயிற்றில்தான் பேசும். முதலில் பள்ளியில் யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, தப்பாக நடக்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்படி இருந்தால் பயத்துக்கு வைத்தியம் வேண்டாம், அந்த ஆளை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் லீவை நீட்டாதீர்கள். ஒவ்வொரு நாள் லீவும் அடுத்த நாளைக் கடினமாக்கும். வகுப்பாசிரியரோடு பேசி முதலில் அரை நாள், பிறகு முழு நாள்.

காப்பிய விடணுமா?

ஒரு நாளைக்கு ஐந்தாறு டம்ளர் குடிக்கிறவர் குறைத்தால் படபடப்பு குறைவது தெரியும். ஒன்றிரண்டு பரவாயில்லை. தைரியத்துக்கு என்று குடிக்கும் மதுதான் மோசம். போதை இறங்கும்போது, மறுநாள் காலையில் பதற்றத்தை இரட்டிப்பாக்கும்.

பொண்ணுக்கு வரன் பாக்குறோம். மாத்திரை போடுறதைச் சொல்லணுமா? சொன்னா யாரு கட்டுவா?

இதைக் கேட்கும்போது பெற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டியது, நாங்களும் யாரிடமும் சொல்ல மாட்டோம். ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம், நிச்சயத்துக்கு முன்னால், பெண்ணே நேரில் சொல்வது நல்லது. "எனக்குப் பதற்றம் இருந்தது, சிகிச்சை எடுக்கிறேன், வேலைக்குப் போகிறேன்." அவ்வளவு போதும். மறைத்துக் கட்டிக்கொடுத்து, புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று மாத்திரையை நிறுத்தி, மூன்றாம் மாதம் நோய் முற்றி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் தாங்கவில்லை.

எங்க போறது? மதுரைக்குத்தான் போகணுமா?

வேண்டாம். அரசு மாவட்ட மனநலத் திட்டத்தில் சிகிச்சை இலவசம். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டை விட்டு வர முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் போடலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த எண்ணையோ அரசு சுகாதார உதவி எண் 104-ஐயோ உடனே அழையுங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள். மனநல மருத்துவர் மருந்து எழுதுவார், என்னைப் போன்ற உளவியல் ஆலோசகர் எழுத முடியாது. "மருந்து எதுவும் வேண்டாம், என்கிட்ட மட்டும் வாங்க" என்று எடுத்த எடுப்பில் சொல்லும் ஆலோசகரிடம் கொஞ்சம் யோசித்துப் போங்கள்.

ஒரு வருஷம் நல்லா இருந்தேன். போன மாசம் திரும்ப வந்துருச்சு. எல்லாம் வீணா?

இல்லை. மூளை பழைய பயத்தை அழிப்பதில்லை, அதன் மேல் புதிய பழக்கத்தை எழுதுகிறது. ஒரு சாவு, கடன், காய்ச்சல், நாலு ராத்திரி தூக்கமின்மை போதும், பழையது எட்டிப் பார்க்கும். திருமயம் அம்மாவுக்கும் கணவர் ஆபரேஷன் சமயத்தில் திரும்ப வந்தது.

அவர் செய்தது இது. பழைய பட்டியலை எடுத்தார். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை டவுன் பஸ், மறுநாள் திருமயம் வரை, அதற்கடுத்த வாரம் புதுக்கோட்டை. படபடப்பு வந்தபோது இறங்கவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே போகும் மைல்கல்லைப் படித்துக்கொண்டே வந்தார். முதல் தடவை மாதக்கணக்கில் ஆனது இந்தத் தடவை மூன்று வாரத்தில் முடிந்தது. நீங்களும் பட்டியலைத் தேடி எடுங்கள். இரண்டு வாரம் முயன்றும் நகரவில்லை என்றால், பாதியில் விட்ட மாத்திரை இருந்தால் அதன் சீட்டோடு வாருங்கள்.